தூங்க வச்சிருங்க

நாய் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஜமால் பாய் ஒரு நாய்க்காகக் கிடந்து குதித்தான் என்று பஜாரில் யாரும் பேசக் கூடாது. கொடைக்கானலில் முப்பத்தோரு வருடமாகக் கோழிக்கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் எந்நேரமும் ஏழெட்டு நாய் நிற்கும். கழிவை எட்டப் போடுவேனே தவிர ஒன்றையும் தொட்டதில்லை. எங்கள் அத்தா இருந்தவரை, நாய் வாய் வைத்த பாத்திரத்தை மண் போட்டுத் தேய்த்து, ஏழு தண்ணீர் விட்டுக் கழுவின பிறகுதான் வீட்டுக்குள் எடுக்க விடுவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பாத்திரம் என்ன, கையே ஆனாலும் மண்ணும் ஏழு தண்ணீரும்தான்.

அப்படிப்பட்டவன் வாரத்துக்கு மூன்று நாள் பள்ளங்கிச் சரிவில் இருக்கிற நாய் விடுதிக்குப் போய் வந்தேன் என்றால் அது மரியசெல்வத்துக்காக. அவரும் அவர் சம்சாரம் ரெஜினாவும் ஊருக்குள் ஒரு பள்ளிக்கூட விடுதியில் இருபது வருடம் வேலை பார்த்தவர்கள். அவர் சமையல், அந்தம்மா ஆயா. கொரோனாவில் வீட்டுக்குப் போன பிள்ளைகள் பாதிக்கு மேல் திரும்பவில்லை. விடுதியை மூடிவிட்டார்கள். ரெஜினாவின் அப்பா விட்டுப்போன உருளைக்கிழங்கு குடோன் ஒன்று சும்மா கிடந்தது. கல் சுவர், தகரக் கூரை. அதைத் தடுத்து எட்டு அறை போட்டு, வாசலில் "ரெஜினா டாக் ஹோம்ஸ்டே" என்று போர்டு மாட்டினார்கள்.

சிரிக்காதீர்கள், நல்ல தொழில்தான். கொடைக்கு வருகிறவர்கள் இப்போது பிள்ளையோடு நாயையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். லாட்ஜ்காரர்கள் நாயைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். நாயைக் காருக்குள் பூட்டிப் போட்டுவிட்டு ஏரியில் படகு விடப் போன மகராசர்களும் உண்டு. அது கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு கத்துவதைக் கடையில் இருந்தபடி நானே பார்த்திருக்கிறேன். வெளியே கட்டினால் பொழுது சாயும்போது சிறுத்தை வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் மரியசெல்வம் எட்டு அறைக்கும் இரும்பு வலை அடித்து, தரை ஈரம் ஏறாமல் பலகை போட்டு, பலகை மேல் விடுதியில் கழித்துக் கட்டின கம்பளியை விரித்திருந்தார்.

ரெஜினா அந்த நாய்களை விடுதிப் பிள்ளைகள் மாதிரியே நடத்தினாள். காலையில் மணி அடிப்பாள். வரிசையாக வெளிக்குப் போக வேண்டும். என் கடைக் கோழிக்கால், கழுத்து, ஈரல் எல்லாவற்றையும் கேரட்டோடு வேகவைத்து அரிசியில் பிசைந்து, தட்டில் வைத்து, சொன்ன பிறகுதான் தின்ன வேண்டும். எட்டு மணிக்கு "லைட்ஸ் ஆஃப்" என்று கத்துவாள். கத்தினதும் நாய்கள் படுத்துவிடுமாம்.

போன தை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோழிக்காலை இறக்கி வைத்துவிட்டு வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. சென்னைக்காரர்கள். அவர் பெயர் சண்முகராஜ், அந்த அம்மா ஜெயப்பிரியா. அவள் கையில் ஒரு பிரம்புக்கூடை, கூடைக்குள் அழுக்கு வெள்ளையில் ஒரு முடிக்கற்றை. அதுதான் நாய். கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. மல்லிகைப்பூ செண்ட் வாடை குடோன் வாசலையே தூக்கியது.

"எந்த ஹோட்டல்லயும் அலவ் பண்ண மாட்டேங்கறாங்கண்ணா. ரெண்டே ரெண்டு நாள்" என்றார் சண்முகராஜ். "அவனுக்கு ஏசி இல்லாம பழக்கமில்ல."

"இங்க ஊரே ஏசிதானுங்க சார்" என்றாள் ரெஜினா. "பேரு என்னங்க?"

"மோச்சி."

"மொச்சையா?"

"மோச்சி. ஜப்பான் ஸ்வீட்டு."

"இருக்கட்டுங்க. மொச்சைன்னா இங்க எல்லாருக்கும் வாயில நுழையும்."

அந்த ஜெயப்பிரியா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "மோச்சி பேபி, மம்மி ரெண்டு நாள்ல வந்துடுவேன், அழக் கூடாது, ஓகே?" என்று சொல்லித் தானே அழுதாள். போனை அணைத்ததும் அழுகையும் அணைந்தது. கூடையை, வடிகிற குப்பைக் கூடையைப் பிடிக்கிற மாதிரி உடம்பில் படாமல் நீட்டி ரெஜினா கையில் கொடுத்துவிட்டு, ஈரக் காகிதத்தை உருவி விரல் விரலாகத் துடைத்தாள். வாய்க்கு வாய் பேபி என்கிறாள், தொட்ட கையைத் துடைக்கிறாள்.

கார் வளைவு திரும்பியதும் ரெஜினா நாயைத் தூக்கிப் பலகையில் வைத்து, வயிற்று முடிக்குள் விரலை விட்டாள்.

"சேசுவே! என்னங்க, இங்க வாங்க. பாய், நீங்க பாக்காதீங்க."

பாக்காதீங்க என்றால் யார் பார்க்காமல் இருப்பார்கள்? போய்ப் பார்த்தேன். முடி அடை அடையாகத் திரண்டு, மூத்திரமும் பீயும் அதில் காய்ந்து தகடாக ஒட்டியிருந்தது. ரெஜினா ஒரு அடையை நகர்த்தியதும் அடியில் தோல் வெந்த மாதிரிச் சிவந்து, ஓட்டை விழுந்து, ஓட்டைக்குள் புழு நெளிந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக. கோழிக்குடலில் முப்பத்தோரு வருடம் கை விட்டவன் நான். காலையில் தின்ற இடியாப்பம் தொண்டைக்கு வந்துவிட்டது. நாற்றத்தைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த நாற்றத்துக்கு மேல் அடித்திருந்த மல்லிகைப்பூ செண்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, வெரசா கத்திரியக் கொண்டாங்க" என்றாள் ரெஜினா.

மரியசெல்வம் தயங்கினார். அவர் எதற்கும் தயங்குகிற மனுசன். "கேக்காம முடிய வெட்டுனா சண்டைக்கு வருவாங்கடீ. அந்தம்மா இத வச்சுத்தான் வீடியோ போடுது. நாம மொட்டையடிச்சுட்டோம்னு வை, ஒத்த ஸ்டார் போட்டு பேரக் கெடுத்துருவாங்க. ரெண்டு நாளுதான, வந்ததும் காட்டிருவோம்."

"புழு ரெண்டு நாள் சும்மா இருக்குமாக்கும்."

"வேப்பெண்ணெய ஊத்து. சொல்லிட்டு வெட்டுவோம்."

இரண்டு நாளில் அவர்கள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. நான்காம் நாள் காலை நான் போனபோது மரியசெல்வம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே மஞ்சு இறங்கி எதிர்ச் சரிவில் பூண்டுக் காடே தெரியவில்லை. ரெஜினா அடுப்படியில் நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அண்ணா, சாரி, ஒரு எமர்ஜென்சி. நேரா சென்னை வந்துட்டோம்" என்றது சண்முகராஜ் குரல்.

"பரவால்லைங்க சார். ஆனா மொச்சை… மோச்சி ராத்திரி பூராம் தூங்க மாட்டேங்கிறான் சார். கத்திக்கிட்டே கெடக்கான். புண்ணுல புழு வேற இருக்கு. கண்ணும் தெரியல. நாங்க என்ன செய்யட்டும்னு சொன்னீங்கன்னா…"

"பதினொரு வயசாச்சுண்ணா. நான் வீட்ல பேசிட்டு வாய்ஸ் போடறேன்."

அன்று மத்தியானமே வாய்ஸ் வந்தது. மறுநாள் நான் போனதும் மரியசெல்வம் எனக்கும் போட்டுக் காட்டினார். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழவு, மறக்க மாட்டேன் என்கிறது.

"அண்ணா, நாங்க நல்லா யோசிச்சு முடிவு பண்ணிட்டோம். அவன் ரொம்ப சஃபர் பண்றான். இனிமே அவனக் கஷ்டப்படுத்த வேணாம். அங்கயே ஒரு டாக்டரப் பாத்து, ஊசி போட்டு, நிம்மதியா தூங்க வச்சிருங்க. எங்களுக்கு வந்து பாக்கற தைரியம் இல்ல. தப்பா நினைக்காதீங்க."

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு?" என்றாள் ரெஜினா. "புள்ள தூங்கலைன்னதும் மனசு கேக்கல பாருங்க. நாந்தான் அந்தாள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ராத்திரி தூங்கவில்லை என்று இவர் சொன்னார், ஊசி போட்டுத் தூங்க வையுங்கள் என்று அவர் சொன்னார். இதில் வேறு அர்த்தம் இருக்கிறது என்று எங்கள் மூன்று பேரில் யாருக்குத் தோன்றும்?

டாக்டரைப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதால் மரியசெல்வத்துக்கும் தைரியம் வந்திருந்தது. முதல் நாள் சாயங்காலமே நாயைக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார். அங்கே இருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். முடியை ஒட்டச் சிரைத்து, புழுவை ஒவ்வொன்றாக எடுத்து, புண்ணுக்கு மருந்து வைத்து, வலிக்கு ஊசி போட்டு, "வயசுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, புண்ணு ஆறிடும், வலி குறைஞ்சா தானா தூங்குவான்" என்று சொல்லியிருக்கிறது. உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது அந்த நாய். வலது காது மட்டும் நுனியில் பிளந்து இரண்டாகத் தொங்கியது. அத்தனை நாள் முடிக்குள் இருந்ததால் தெரியவில்லை.

ரெஜினா அதை மடியில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாளாம். அவள் தட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். மெதுவாக மூன்று, கொஞ்சம் நிறுத்தி இரண்டு. வீட்டை நினைத்து அழுகிற முதல் வகுப்புப் பிள்ளைகளை இருபது வருடம் அப்படித்தான் தட்டியிருக்கிறாள். மொச்சை மூக்கை அவள் முழங்கைக்குள் செருகிக்கொண்டு விடியும்வரை அசையாமல் தூங்கியது. மூக்கு மட்டும் தெரியக் கம்பளியைப் போர்த்தி ஒரு போட்டோ எடுத்து மரியசெல்வம் சென்னைக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வாய்ஸ்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே டாக்டர் ஊசி போட்டு நல்லபடியா தூங்க வச்சாச்சு. ரெஜினா மடியிலதான் தூங்குனான். ஒரு சத்தம் இல்ல. நிம்மதியா கெடக்கான்."

பதிலுக்குப் பத்துப் பதினைந்து கும்பிடும் அழுகிற மூஞ்சியும் வந்திருந்தன. "அக்கா மடியில போனான்னு கேட்டு ஜெயா அழுதுட்டா. உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்று எழுதியிருந்தது.

"தூங்கப் போனதுக்கு இம்புட்டு அழுகையா?" என்றேன்.

"பட்டணத்து ஆளுக பாய். எல்லாத்துக்கும் கும்பிடு போடுவாங்க" என்றார் மரியசெல்வம்.

மூன்று நாள் கழித்துத்தான் குட்டு உடைந்தது. அன்றைக்கு ரெஜினா பட்டர்பீன்ஸ் குழம்பு வைத்திருந்தாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னை உட்கார வைத்திருந்தாள். மொச்சை அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. விடுதிப் பிள்ளை ஒன்றின் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி அதற்குச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். புண்ணில் பொருக்குத் தட்டியிருந்தது. மரியசெல்வத்தின் போனுக்கு இன்னொரு வாய்ஸ் வந்தது. அவர் குழம்புக் கையோடு இடது விரலால் அமுக்கினார்.

"அண்ணா, ஒரு ஹெல்ப். மோச்சி பாடியப் புதைச்சுட்டீங்களா? இல்லன்னா எரிச்சு கொஞ்சம் சாம்பல் எடுத்து வைங்களேன். வர்ற சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கொடைக்கு வர்றோம், வாங்கிக்கறோம். கடல்ல கரைக்கணும்னு ஜெயா ஆசைப்படறா."

மொச்சை போனில் வந்த குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கி, குரல் எங்கே என்று தேடியது.

"எந்த பாடி?" என்றார் மரியசெல்வம்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. "மரியசெல்வம், தூங்க வைக்கச் சொன்னானே, அது தூக்கம் இல்லய்யா. அந்தப் பாவி ஊசி போட்டுக் கொல்லச் சொல்லிருக்கான்."

"சும்மா இருங்க பாய். நல்ல வார்த்தைதான சொன்னாரு."

"அதான்யா அவங்க பாசை. நம்ம டாக்டரம்மாகிட்ட வேணா கேட்டுப் பாரு."

அவர் கேட்டார். எழுந்து போய் வாசலில் நின்று போனில் கேட்டுவிட்டு வந்தார். முகம் சாம்பிப்போயிருந்தது. "ஆமாங்கறாங்க. இங்கிலீஸ்ல அப்படித்தான் சொல்லுவாங்களாம். நாம கேட்டிருந்தா அவங்களே எடுத்துச் சொல்லிருப்பாங்களாம்."

ரெஜினா தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் எத்தன புள்ளைகளத் தூங்க வச்சிருப்பேன் பாய்" என்றாள். "காய்ச்சல்ல கெடந்ததுக, ஆத்தா அப்பன் செத்த சேதி வந்து அழுததுக. ஆயாம்மா தூங்க வைங்கன்னு கேட்டு வந்து மடியில விழுகுங்க. அந்த வார்த்தையக் கொண்டுபோயிப் பீத்துணி ஆக்கிட்டானே. அடச்சீ! என் வாயால இனி எப்படி அதச் சொல்லுவேன்?"

"கொல்லுன்னு சொல்ல நாக்கு கூசுதாக்கும்" என்றேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். "நான் அறுக்கறவன் தங்கச்சி. தெனமும் அறுக்கறேன். அல்லா பேர வாய்விட்டுச் சொல்லி, அறுக்கறேன்னு தெரிஞ்சு அறுக்கறேன். எந்தக் கோழியையும் தூங்க வச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல."

மரியசெல்வம் மட்டும் விடவில்லை. "அவசரப்படாதீங்க. புண்ணப் பாத்து வலியப் பாத்துச் சொல்லிருப்பாரு. இப்ப ஆறிருச்சுன்னா சந்தோசம்தான படுவாரு? வளத்த மனுசன். நான் பேசுறேன்."

பேசினார். நாங்கள் பக்கத்தில் இருந்தோம்.

"சார், ஒருவேள… அந்த டாக்டரு மருந்துல அவன் பொழைச்சிருந்தான்னு வைங்க. அப்படி இருந்தா…"

"அண்ணா, அப்படியெல்லாம் பேசாதீங்க ப்ளீஸ்" என்றார் சண்முகராஜ். "ஜெயா இப்பதான் தேறியிருக்கா. நேத்துதான் ஒரு பப்பி எடுத்துட்டு வந்தோம். நான் ஓப்பனா சொல்றேன், அவன் அப்ப பொழைச்சிருந்தாலும், திரும்ப ஒரு தடவ ஊசி போடச் சொல்லித்தான் சொல்லியிருப்பேன். அதான் அவனுக்கு நல்லது. வீடெல்லாம் அந்த ஸ்மெல் போகவே ஒரு வாரம் ஆச்சுண்ணா."

பின்னால் ஒரு குட்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நோ, நோ, மம்மி காலக் கடிக்கக் கூடாது" என்றாள். அதே குரல்.

மரியசெல்வம் போனை வைத்தார். இருபது வருடத்தில் அவர் வாயில் கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஒன்று கேட்டேன்.

"சாம்பல்தான வேணும்? குடுத்துருவோம்" என்றாள் ரெஜினா.

"என்னாடீ சொல்ற?"

"வெந்நீர் அடுப்புல சீகை விறகுச் சாம்பல் குமிஞ்சு கெடக்கு. அள்ளிக் குடுங்க. மொச்சை செத்துட்டான். அவங்களுக்குச் செத்துட்டான்."

"தவக்காலம்டீ. பொய் சொன்னா பாவம்."

"பாவத்த நான் சாமியார்கிட்டச் சொல்லிக்கிறேன். போன வாரம் சாம்பல் புதனன்னைக்கு, நீயும் மண்ணாப் போவன்னு நெத்தியில பூசுனாரே சாம்பல், அதுவும் குருத்தோலைய எரிச்சதுதான். எங்க அப்பன எரிச்சதில்ல. உண்மையச் சொல்லுங்க பாப்போம். இவனத் தூக்கிட்டுப் போயி ரெண்டாவது ஊசி போடுவாங்க. சம்மதமா? சம்மதம்னா சொல்லுங்க, இந்தா கெடக்கான், நீங்களே தூக்கிக் குடுங்க."

மரியசெல்வம் நாயைப் பார்த்தார். அது அவர் காலடியில் சிந்திக் கிடந்த குழம்புப் பருக்கையை மோந்துகொண்டிருந்தது.

"வெறும் விறகுச் சாம்பல்னு கண்டுபிடிச்சிருவாங்க" என்றார் கடைசியில். "எலும்பு வேணும்ல."

எலும்பு நான் கொண்டு வந்தேன். ஆமாம், என் கடைக் கோழிக்கால்தான். அதே அடுப்பில் போட்டு எரித்து, வெள்ளையாகப் பூத்ததும் நொறுக்கிச் சாம்பலோடு கலந்தோம். போட்டுக் கொடுக்க நல்ல டப்பா வேண்டுமே என்று தேடினோம். ரெஜினா மச்சிலிருந்து கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட் டப்பா ஒன்றை இறக்கினாள். மேலே ஏரியும் படகும் படம் போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை என் மகள் மஹீரா தன் போனில் அந்த ஜெயப்பிரியாவின் வீடியோவைக் காட்டினாள். மொச்சையின் பழைய படம், மாலை, மெழுகுவர்த்தி. "குட்டியா இருக்கறப்ப கார் கதவுல காது மாட்டிக் கிழிஞ்சுருச்சு. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல" என்று சொல்லி அழுதாள். பார்த்தவர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் இதயம் போட்டிருந்தார்கள். "மூடு அந்தக் கண்றாவிய" என்றேன். மஹீரா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். எனக்கு அங்கே என்ன சோலி என்று கேட்காதீர்கள். கடையை மருமகன் காலித்திடம் விட்டுவிட்டு வெள்ளனே போய்விட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மொச்சையை அடுப்படிக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தோம். சண்முகராஜ் பட்டு வேட்டியில் வந்திருந்தார். அந்தம்மா கல்யாணப் புடவை, தலை நிறையப் பூ.

"டப்பாவ எடுத்துட்டு வாங்க பாய்" என்றார் மரியசெல்வம். டப்பா அடுப்படியில் இருந்தது.

கதவைத் திறந்தவன் நான்தான். அந்தப் பழியை வேறு யார் மேலும் போட மாட்டேன். டப்பாவை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு காலால் கதவைச் சாத்தத் திரும்புவதற்குள் மொச்சை என் கைலிக்கு அடியில் புகுந்து வெளியே போய்விட்டது. கண் தெரியாத நாய், தூணில் ஒருமுறை இடித்தது, படியில் உருண்டது, எழுந்தது, மூக்கை மட்டும் உயர்த்திக்கொண்டு நேரே சண்முகராஜ் காலுக்குப் போனது. பட்டு வேட்டி நுனியை மோந்து மோந்து பார்த்து, தொண்டைக்குள் அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு, வாலை ஆட்டின ஆட்டலில் பின்பக்கமே ஆடியது.

"ஐயே, ச்சீ! என்ன இது, சொறி நாயா? தள்ளிப் போகச் சொல்லுங்க!" என்று ஜெயப்பிரியா புடவையைத் தூக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் ஓடினாள். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்ததும் முகம் மாறியது. இரண்டு விரலால் வாங்கித் திண்டில் வைத்து, போனை எடுத்து அதைப் படம் பிடிக்கத் தொடங்கினாள். "மோச்சி இஸ் கம்மிங் ஹோம்…"

சண்முகராஜ் குனிந்தார். நாயை விலக்கத்தான் குனிந்தார். கை பாதியில் நின்றது. பிளந்த காதைப் பார்த்துவிட்டார்.

"மோச்சி" என்றார். சத்தம் பாதிகூட வரவில்லை, வெறும் மூச்சுதான். அதுவே அதற்குப் போதுமாக இருந்தது. முன்னங்காலைத் தூக்கி அவர் செருப்பின் மேல் வைத்தது.

மரியசெல்வம் கும்பிட்ட கையோடு நின்றார். மனுசனுக்குத் தெரிந்துவிட்டது, இனி இரண்டில் ஒன்று. அள்ளி எடுத்துக்கொண்டு ஓவென்று அழுதாரானால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் டப்பாவுக்குப் பக்கத்தில் தன் தலைப்பூவில் ஒரு சரத்தை எடுத்து வைத்து, சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். கால் வழுக்கி நாய் மோவாய் தரையில் பட்டது.

"இது… உங்க நாயாக்கா?" என்றார் ரெஜினாவிடம்.

கேட்டாரே அந்தக் கேள்வி! த்தூ!

"ஆமாங்க" என்றாள் ரெஜினா. அவள் குரல் ஆடவில்லை. "எங்க நாய்தான். மொச்சைன்னு பேரு."

"வயசாயிடுச்சு போல."

"ஆமாங்க. வயசானதுகன்னு இந்த வீட்ல நாங்களும் இருக்கோம்."

அந்தம்மா, "கெளம்பலாமா, முகூர்த்தம் போயிடும்" என்றாள். அவர் பையிலிருந்து ஈரக் காகிதத்தை எடுத்துச் செருப்பைத் துடைத்தார். பிறகு பக்கத்தில் நின்ற என் வலது கையைப் பிடித்து, "தேங்க்ஸ் பாய். எல்லாத்துக்கும்" என்றார். மெத்துமெத்தென்ற கை. மல்லிகைப்பூ செண்ட். என் கடைக் கோழிக்காலை மடியில் வைத்துக்கொண்டு அந்தம்மா கண்ணைத் துடைத்தாள். கார் கிளம்பியது.

மொச்சை கார்ச் சத்தம் போன பக்கமே தள்ளாடித் தள்ளாடிப் போனது. கேட்டைத் தாண்டினால் சரிவு. ரெஜினா முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மரியசெல்வம் அசையவே இல்லை. வேறு வழி? நான் ஓடிப்போய், முதல்முறையாக என் வாழ்நாளில், ஒரு நாயை இடது கையால் வாரி எடுத்தேன். அது நடுங்கியது. நான் யார் என்று மோந்து பார்த்து, கோழிக்கடை வாடை தெரிந்ததோ என்னவோ, என் இடது கையை மணிக்கட்டுவரை நக்கியது.

கொண்டுவந்து ரெஜினா மடியில் போட்டேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள். மூன்று, நிறுத்தி இரண்டு. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு என் ஞாபகம் வந்தது.

"ஐயோ பாய், நக்கிருச்சே. ஏங்க, பாயிக்குத் தண்ணி ஊத்துங்க. அந்தா கேரட் பாத்தியில நல்ல மண்ணு இருக்கு."

மண்ணை அள்ளிக்கொண்டு குழாயடியில் குத்தவைத்தேன். மரியசெல்வம் சொம்பில் மோந்து ஊற்றினார். நான் வலது கையைத் தேய்த்தேன். விரல் இடுக்கு, நகக்கண் ஒன்று விடாமல் தேய்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"பாய், நாய் நக்குனது அந்தக் கையில்ல" என்றார் மரியசெல்வம். "இடது கை."

"தெரியும்யா" என்றேன். "ஊத்து. இன்னும் நாலு இருக்கு."